இரஞ்சிதமக்காவின் இடப்பக்கம்

பரமலிங்கத்தாருக்கு நான் எழுபத்தையாயிரம் ரூபா கடன்பட்டிருந்தேன். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு வாங்கிய காசு. அதில்தான் எனது முதல் நெல்லுக் குற்றும் இயந்திரம் வந்தது. அக்கராயனில் என் ஆலையைப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு லொறி, மூன்று உழவு இயந்திரம், மாதச் சம்பளத்துக்கு ஆட்கள், ஸ்கந்தபுரம் வரைக்கும் என் பெயர் அச்சடித்த அரிசிப் பை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையில் அடி வாங்கிக்கொண்டு, ஒரு துணிப் பொட்டலத்தோடு இந்த மண்ணில் வந்து இறங்கியவன். இன்றைக்கு வங்கிக்குப் போனால் மனேச்சர் எழும்பிக் கதிரை தருகிறார். ஒருவருக்கும் ஐந்து சதம் பாக்கி வைத்ததில்லை, அந்த ஒரு மனிதரைத் தவிர. அவர் இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில் தண்ணீர் எடுக்கப் போனவர். திரும்பி வரவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவருடைய மனைவி இரஞ்சிதமக்காவைப் பற்றி. என்னைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நான் நிறுத்துவதில்லை என்று என் வீட்டில் ஒரு குறை உண்டு. கதைக்க விஷயம் இருக்கிறது, கதைக்கிறேன். அக்காவின் கதையையும் நான் சொன்னால்தான் உண்டு. அவர் சொல்ல மாட்டார்.

அக்கா பிறந்தது கொடிகாமத்தில். தகப்பனுக்கு அக்கராயன் குளத்தின் கீழே காணி கிடைத்தபோது, நடக்கவும் பேசவும் தெரிந்த சின்னப் பிள்ளையாக லொறியின் பின்பக்கத்தில் சட்டி பானையோடு வந்திருக்கிறார். காடு வெட்டிய காலம். பதினெட்டு வயதில் பரமலிங்கத்தாரைக் கட்டினார். நான் அவர்களுடைய வயலில் கூலிக்கு நின்ற நாட்களில், வரம்பில் அக்காவின் குடை தெரிந்தால் கூலிக்காரர் எல்லோரும் குனிந்துவிடுவோம். அவ்வளவு வாய். நெல்லை ஒரு மணி எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து, காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். இன்றைக்கு என் ஆலையில் அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. மெஷினும் அக்காவும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். மெஷின் ஏசாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இயந்திரம் வாங்க நான் காசு கேட்டு அலைந்தபோது, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவனுக்குக் கடன் கொடுத்தால் அவன் மலைக்கே ஓடிவிடுவான் என்று சொன்ன பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் இப்போது என்னிடம் நெல்லு விற்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை, நிறுக்கும்போது கொஞ்சம் நேரம் எடுப்பேன், அவ்வளவுதான். பரமலிங்கத்தார் மட்டும் அலுமாரியைத் திறந்தார்.

“டேய் பழனி, வட்டி கிட்டி ஒண்டும் வேண்டாம். ஆனா ஒண்டு. ஆயிரம் ரெண்டாயிரம் எண்டு துண்டு துண்டாத் தந்தா வாங்கமாட்டன். முழுக்காசும் ஒருமிக்க என்ர கையில தா.”

இரண்டாயிரத்து எட்டில் முழுக்காசும் சேர்ந்திருந்தது. அறுவடைக்குள் கொடுப்போம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் சண்டை கிட்ட வந்து, ஊரே கிளம்பிவிட்டது. இரண்டு வீடும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில்தான் போனோம். கண்டாவளை கடந்து, கடற்கரை மணல் வரைக்கும். காசு வழியில் சோறாகப் போனது. என் மகன் ஜனகனுக்குப் பதினேழு வயது. அவனை நான் என் கையாலேயே அந்த மணலில் புதைத்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும், பரமலிங்கத்தார் தண்ணிக் கானை எடுத்துக்கொண்டு, “இந்தா வாறன்” என்று கிணற்றடிப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் செல் விழுந்து வெடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். விழுந்து கிடந்தவர்களில் அவர் இல்லை. காயப்பட்டவர்களிலும் இல்லை. ஆள் இல்லை, உடம்பு இல்லை, செருப்புக்கூட இல்லை.

ஊருக்குத் திரும்பி, நான் மறுபடியும் அடியிலிருந்து தொடங்கி, ஆலை ஓடத் தொடங்கிய முதல் வருடமே காசைக் கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைத்தேன். அக்கா தொடவில்லை.

“குடுத்தது அவர். வந்து அவரே வாங்குவார்.”

“அக்கா, அது வந்து…”

“என்ன வந்து? முதலாளி ஆனவுடனை கொன்னை தட்டுதோ? கேளுங்கோ. உயிரோட இருக்கிற மனுசன்ர காசை நான் கை நீட்டி வாங்கினா, அவரைச் சாகக் குடுத்ததுமாதிரி. கொண்டுபோங்கோ.”

அதன் பிறகு ஒவ்வொரு காலபோக அறுவடைக்கும் நான் காசோடு போவதும், தேத்தண்ணி குடித்துவிட்டு அதே காசோடு திரும்புவதும் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது உடம்பில் ஒரு முள். ஊரில் யாருக்கும் தலை குனியாதவன், அந்த வீட்டுப் படலைக்குள் போகும்போது மட்டும் குனிந்துதான் போவேன்.

அக்கா பொட்டை அழிக்கவில்லை. பாய் விரித்துப் படுக்கும்போது வாசற்கதவைப் பூட்டுவதில்லை. வருகிறவர் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம். மகள் ரஜிதா ஆடி அமாவாசை விரதம் பிடிக்க அக்கா விடவில்லை. தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளை அந்த விரதம் பிடிப்பதில்லைதானே. காணாமல் போனவர்களுடைய தாய்மார் வீதியோரம் கொட்டில் போட்டுப் போராட்டம் இருந்தபோது, அக்காவும் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் போய் இருந்தார். பிறகு விட்டுவிட்டார். “நான் அங்கை போய் றோட்டில இருந்தா, அவர் இஞ்ச வந்து ஆரைப் பாக்கிறது?” என்றார்.

கண்ணில் வெள்ளை படரத் தொடங்கி நாலைந்து வருடம். ரஜிதா கெஞ்சினாள், நான் ஏசினேன், அக்கா அசையவில்லை. ஒருநாள் படலையில் நின்ற மீன்காரனை யாரென்று தெரியாமல், “ஆரது, வந்திட்டியளோ?” என்று கேட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். கிட்டப் போய்க் கையைப் பிடித்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. அன்றைக்குச் சரி என்றார். “அவர் வரேக்க முகம் தெரியாட்டி என்ன செய்யிறது? வெட்டச் சொல்லுங்கோ.”

இந்த வருடம் வைகாசியில் வலக்கண்ணுக்குச் செய்தார்கள். இவ்வளவு நாள் செய்யாமல் விட்டதில் கண்புரை முற்றிக் கல்லாகிவிட்டதாம். சின்னத் துளையால் எடுக்க முடியாமல், கொஞ்சம் பெரிதாக வெட்டி எடுத்து, உள்ளே லென்ஸ் வைத்துத் தைத்தார்கள். இடக்கண் பிறகு செய்யலாம் என்று வெள்ளையோடு விட்டார்கள். கட்டு அவிழ்த்த அன்று நான் தோடம்பழத்தோடு போனேன். “என்ன முதலாளி, மயிர் எல்லாம் கொட்டிப்போச்சு!” என்றதுதான் முதல் வார்த்தை. எனக்குச் சந்தோசம். அக்காவின் கண் திறந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் ரஜிதா ஆலைக்கு வந்தாள்.

“மாமா, நாளைக்கு மத்தியானம் எங்கட வீட்டை சாப்பிட வாங்கோ. நான் விரதம்.”

“ஆருக்கு, பிள்ளை?”

அவள் நெல்லு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அப்பாவுக்கு. அம்மாதான் பிடிக்கச் சொன்னவா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை மாமா. இப்ப அம்மா வாசலையும் பூட்டிப்போட்டுத்தான் படுக்கிறா.”

போனேன். வீட்டு முற்றத்தில் காகத்துக்குச் சோறு வைத்திருந்தது. குசினியில் ஆடி அமாவாசைக்கென்றே சமைக்கிற காத்தோட்டிக்காய்க் கறி வாசம். அந்த வீட்டில் அந்தக் கறி வேகும் என்று நான் நினைத்ததே இல்லை. உள்ளே பரமலிங்கத்தாரின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைத்திருந்தார்கள். அக்காவின் நெற்றியில் திருநீறு மட்டும்தான்.

செத்தவருக்குத்தான் படைப்பது. ஒருதரம் படைத்துவிட்டால் பிறகு உயிரோடு தேட முடியாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பதினாறு வருடம் யார் சொல்லியும் கேட்காத மனுசி, ஏன்?

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கேட்டேன். “அக்கா, என்ன நடந்தது?”

“அவர் வந்திட்டார்.”

ரஜிதா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். அக்கா சத்தத்தைக் குறைத்தார்.

“கட்டவிழ்த்து ரெண்டாம் நாள். தலை இழுக்கக் கண்ணாடிக்கு முன்னால நிக்கிறன். எனக்குப் பின்னால, இடப்பக்கம், மேல தலை தெரியிறமாதிரி ஒரு ஆள். நிழல்மாதிரி. முகம் விளங்காது. அவர் என்னைவிட எவ்வளவு உயரம் இருப்பார்? சொல்லுங்கோ பாப்பம்.”

“ஒரு சாண் இருக்கும்.”

“ஒரு சாண்தான். நான் தலையைச் சரிச்சா அவரும் சரியிறார். தெரியும்தானே, நான் எதைப் பாத்தாலும் தோளுக்கு மேலால எட்டிப் பாக்கிற மனுசன். உயிரோட வந்திருந்தா வாசலால வந்திருப்பார். இது அப்பிடி வரேல்லை. அப்ப எனக்கு விளங்கிட்டுது.”

“டொக்டருக்குச் சொன்னியளோ?”

“பார்வை எப்படி எண்டு கேட்டவர். நல்லம் எண்டனான். இதை எப்பிடிச் சொல்லுறது?”

நான் இப்படியான பேச்சை நம்புகிறவன் அல்ல. பேய்க்குப் பயந்திருந்தால் சுடலைக்குப் பக்கத்துக் காணியை மலிவாக வாங்கி ஆலை கட்டியிருப்பேனா? பகிடிபோலக் கேட்டேன். “அக்கா, அந்தா கட்டையில நிக்கிற மாட்டுக்குப் பக்கத்திலையும் ஒருத்தர் நிக்கிறாரோ?”

“நிக்குது. இன்னொரு மாடு.”

“தென்னைக்கு?”

“தென்னைக்கும்தான். ஏன் சிரிக்கிறியள்? அந்த வருசம் மாடு சாகேல்லையோ? தென்னைக்குத் தலை போகேல்லையோ? ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு போகாதது இந்த வன்னியில எது இருக்கு?”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெயிலில் மாடு அசை போட்டுக்கொண்டு நின்றது. அதற்குப் பக்கத்தில் வெறும் மண். நான் அந்த வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னால், என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குக் கொஞ்சம் மேலே பார்த்தார்.

“உங்களுக்குப் பக்கத்திலையும் நிக்குது, முதலாளி.”

“என்ன நிக்குது?”

“ஆள். உங்களைவிட உயரம். நெடுவல் பொடியன்மாதிரிக் கிடக்கு.”

ஜனகன் போகும்போது என் காதளவுதான் இருந்தான். வளர்கிற வயது. இருந்திருந்தால் என்னை மிஞ்சியிருப்பான். என் பெண்சாதியின் பக்கத்தில் எல்லோரும் உயரம். இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. “எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். கேட்ட குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம்.

“உங்கட வலப்பக்கம்.”

நான் வலப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கதிரையை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் போட்டேன், இடம் விடுகிற மாதிரி. எழுபத்தையாயிரத்தைப் பற்றி அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. செத்தவர் என்று அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார், இனி வாங்குவார், கடன் தீர்ந்துவிடும் என்று நினைக்கத்தானே வேண்டும்? நினைக்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க ஆலைக்குள் நான் வலப்பக்கம் இடம் விட்டு நடந்தேன். தராசடியில் நிற்கும்போது மூட்டையை அந்தப் பக்கம் அடுக்க விடவில்லை. வேலைக்காரன் மாயாண்டி, “முதலாளி, ஆருக்கு வழி விடுறியள்?” என்று கேட்டான். அவனுக்கு நல்ல ஏச்சு. வீட்டில் என் பெண்சாதி கமலாட்சிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அடுத்த நிமிசமே அக்கா வீட்டுக்கு ஓடி, எனக்குப் பக்கத்தில் ஜனகன் நிற்கிறானா என்று கேட்பாள். இல்லை என்று அக்கா சொல்லிவிட்டால்? இருக்கிறான் என்று சொல்லிவிட்டால்? இரண்டுமே எனக்குப் பயம்.

எட்டாம் நாள் என் வான் வண்டியை எடுத்துக்கொண்டு அக்காவின் வாசலில் நின்றேன்.

“வெளிக்கிடுங்கோ. கண் கிளினிக்குக்குப் போறம்.”

“எனக்குத்தான் பார்வை நல்லமே.”

“நல்லமெண்டா நல்லமெண்டு சொல்லட்டும். எனக்குத் தெரியவேணும் அக்கா.”

அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சீலை மாற்றப் போனார்.

கிளினிக்கில் சனம். எங்கள் முறை வந்தபோது உள்ளே கண் பரிசோதிக்கிற பிள்ளை ஒருத்தி இருந்தாள், யதுர்ஷிகா என்று மார்பில் பெயர் குத்தியிருந்தது. அவளுக்கு நானே எல்லாவற்றையும் சொன்னேன். நிழல், ஒரு சாண், தலை சரிந்தால் சரிவது, எல்லாம். யாரென்று மட்டும் சொல்லவில்லை. அவள் சிரிக்கவில்லை. டொக்டரைக் கூப்பிட்டாள். டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

“தையல் ஒரு பக்கம் இறுக்கி இழுக்குது, ஐயா. கண்ணின்ர முன்பக்கம் பந்துமாதிரி உருண்டையா இருக்கவேணும். இப்ப முட்டைமாதிரிக் கொஞ்சம் நீண்டிருக்கு. அதுதான் ஒண்டைப் பாத்தா, பக்கத்தில அதின்ர நிழலும் விழுகுது. அஸ்டிக்மாட்டிசம் எண்டு சொல்லுறது. பிழை ஒண்டும் இல்லை. முற்றின புரையை எடுத்தாக் கனபேருக்கு வாறதுதான். இறுக்கின தையல் ஒண்டைப் போனமுறை வெட்டிவிட்டம். மிச்சக் கோணலுக்குக் கண்ணாடி போட்டாச் சரி.”

அந்தப் பெயர் என் வாயில் நிற்காது. இதில் எழுதுவதற்காக ரஜிதாவிடம் கேட்டு எழுதினேன். ஆனால் விஷயம் அவர் சொல்லி முடிக்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. சாக்கு வாயைத் தைக்கும்போது ஒரு பக்கம் நூலை இறுக்கினால் மூட்டை கோணிக்கொண்டு நிற்கும். ஆயிரம் மூட்டை தைத்தவன் நான். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளை அக்காவின் மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தைப் போட்டு, இடக்கண்ணை மூடி, வலக்கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையைச் செருகினாள். எதிர்ச் சுவரில் எழுத்துகள்.

“அம்மா, நான் இதைத் திருப்பிறன். எது தெளிவு எண்டு சொல்லுங்கோ. இதுவோ? இதுவோ?”

“முதலாவது.”

“சரி. இப்ப இதுவோ? இதுவோ?”

“முதலாவதுதான்.”

மூன்றாம் தரமும், நாலாம் தரமும் அக்கா முதலாவது என்றார். பிள்ளை கையை எடுத்துவிட்டுக் கேட்டாள். “அம்மா, முதலாவதில மேல் வரி எழுத்தையே நீங்கள் பிழையா வாசிக்கிறியள். பிறகேன் தெளிவு எண்டுறியள்?”

எனக்குப் புரிந்தது. அக்கா எழுத்தைப் பார்க்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற டொக்டருக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் திருப்பலில் நிழல் விலகாமல் நிற்குமோ, அதைத்தான் தெளிவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“அக்கா,” என்றேன், “உண்மையைச் சொல்லுங்கோ.”

“நீங்கள் சும்மா இருங்கோ!” அந்தப் பழைய வரம்புக் குரல். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, குரல் தாழ்ந்து, பிள்ளையிடம், “திருப்பு மோனை” என்றார்.

பிள்ளை மெல்ல மெல்லத் திருப்பினாள்.

“கிட்ட வாறார்,” என்றார் அக்கா. “இன்னும் கிட்ட. ஆளோட ஒட்டிட்டார்… போறார். போறார்…” சட்டென்று பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “கொஞ்சம் பொறு பிள்ளை. கொஞ்சம் பொறு.”

பிள்ளை அப்படியே நின்றாள். யார் போகிறார் என்று அவள் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைதானே, அவளுடைய வீட்டிலும் போய்த் திரும்பாத யாரோ இருந்திருப்பார்கள். டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட வாய் எடுத்தார், அவள் கண்ணால் நிறுத்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா தன் விரல்களைத் தானே எடுத்தார். “ம்,” என்றார். பிள்ளை கடைசித் திருப்பலைத் திருப்பினாள். அக்கா சுவரில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழே, ஒரு பிழையில்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சத்தமாக வாசித்தார்.

நான் எழும்பி அக்காவுக்கு முன்னால் போய், வலப்பக்கம் இடம் விட்டு நின்றேன். அக்கா என்னைப் பார்த்தார், இந்தத் தரம் தோளுக்கு மேலே அல்ல, நேரே.

“தனியத்தான் நிக்கிறியள்,” என்றார்.

வானில் திரும்பி வரும்போது வழியில் ஓரிடத்தில் நிறுத்தி நான் இறங்கிப் பற்றைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வயசு போனால் அடிக்கடி இறங்க வேண்டித்தான் வரும் என்று சொல்லிக்கொண்டு ஏறினேன். அக்கா, “ஓம், ஓம்” என்றார்.

அடுத்த கிழமை கண்ணாடி வந்தது. செலவு என்னுடையது, நல்ல சட்டமாகத்தான் எடுத்தேன். அதன் பிறகு நடந்ததை ரஜிதா சொன்னாள். அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கண்ணாடியைக் கழற்றுகிறா, போடுகிறா. கழற்றிவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கிறா. போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்கிறா. படைத்தது பிழையோ என்று ஐயரிடம் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறா. ஐயர், உயிரோடு இருப்பவருக்குப் படைத்திருந்தால் அதற்குச் சாந்தி செய்யலாம், இல்லாவிட்டால் சரியாகத்தான் செய்திருக்கிறது என்று இரண்டு பக்கமும் சொல்லி அனுப்பியிருக்கிறார். “மாமா, இனித் திரும்பவும் பழையபடி வாசலைத் திறந்து வைக்கப்போறாவோ தெரியேல்லை. எனக்கும் ஏலாது மாமா. நான் அப்பாவுக்கு அழுது முடிச்சிட்டன்,” என்றாள் ரஜிதா.

எனக்கு மட்டும் என்ன? கண்ணாடி வாங்கிக் கொடுத்தவன் நான். அது ஆள் இல்லை என்று நிரூபித்தவன் நான். ஒரு மனுசி பதினாறு வருடம் கழித்து இறக்கி வைத்த பாரத்தை, நல்லது செய்கிறேன் என்று தூக்கி மறுபடியும் அவர் தலையில் வைத்துவிட்டேனோ என்று இருந்தது. அது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். கண் கண்ணாகத் தெரிய வேண்டும். ஆனால் ஆலையில் தராசுக்கு வலப்பக்கம் இன்னும் மூட்டை அடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆவணி பிறந்த பிறகு ஒரு காலை ரஜிதாவின் போன். “மாமா, அம்மா உங்களைக் காசோட வரட்டாம்.”

நான் இரும்புப் பெட்டியைத் திறந்து பத்து லட்சம் எடுத்தேன். ஒரு ரூபா குறைக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். அக்கா முற்றத்தில் கதிரையில் இருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இதென்ன மூட்டை?”

“அந்தக் காலத்து எழுபத்தையாயிரம் அக்கா. இண்டைக்கு அதுக்கு இவ்வளவு பெறுமதி. கணக்குப் பாத்துத்தான் கொண்டுவந்தனான்.”

“உங்கட பவிசை என்னட்டைக் காட்டாதையுங்கோ. அவர் தந்தது எழுபத்தையாயிரம். வட்டி வேண்டாம் எண்டும் சொன்னவர். நான் அதைக் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்.”

ரஜிதா வாசற்படியில் வந்து நின்றாள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அக்கா, அது ஆள் இல்லை, தையல் எண்டு தெரிஞ்சிட்டுது. அப்ப அண்ணை செத்ததுக்கு ஒரு சாட்சியும் இல்லை. பிறகேன் வாங்கிறியள்? எனக்காக எண்டா வேண்டாம். நான் இன்னும் எத்தினை வருசமும் கொண்டுவருவன், கொண்டுபோவன்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே என் பக்கம் பார்த்தார். கழற்றின கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன், எனக்குப் பக்கத்தில் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அசையாமல் நின்றேன். அவசரப்படுத்தவில்லை. பிறகு அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“ஓம், தையல்தான். எனக்கு அண்டைக்கே தெரியும், அந்தப் பிள்ளை திருப்பேக்கையே. ஆனா கேளுங்கோ. ரெண்டு மாசமா நான் அவரோட செத்தவரோட கதைக்கிறமாதிரிக் கதைச்சனான். ‘ஏன் மனுசா தண்ணிக்குப் போனாய்’ எண்டு ஏசினனான். ‘நொந்ததோ’ எண்டு கேட்டனான். இலை போட்டுப் படைச்சனான், காகம் வந்து எடுத்தது. இவளும் அழுதாள். அதெல்லாம் தையலுக்கு நடந்ததில்லை, அவருக்கு நடந்தது. அந்த வாயால திரும்பி, ‘எங்க இருக்கிறியள், வாங்கோ’ எண்டு எனக்குக் கூப்பிடத் தெரியேல்லை. கூப்பிட்டுப் பாத்தனான். ரெண்டு கிழமையா வாசலில நிண்டு கூப்பிட்டுப் பாத்தனான். சத்தம் வரேல்லை.”

ரஜிதா முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

“வாங்க ஆள் இல்லாத காசை எத்தினை வருசம் காவிக்கொண்டு திரிவியள்? எண்ணுங்கோ.”

நான் பையிலிருந்து ஐயாயிரம் ரூபாத் தாள்களை எடுத்தேன். கோடிக்கணக்கில் எண்ணின விரல்கள் இவை; கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவேன். அன்றைக்கு ஒவ்வொரு தாளாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அக்கா வலக்கையை நீட்டினார். வயல் வேலை செய்த கை, ரேகை எல்லாம் கறுத்துப்போயிருந்தது.

“சத்தமா எண்ணுங்கோ,” என்றார்.

நான் சத்தமாக எண்ணி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். நடுவில் ஒருதரம் நிறுத்தி, திரும்ப விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். அக்கா தாள்களைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார், என் முகத்தை மட்டும். கடைசித் தாளையும் வைத்து, “எழுபத்தையாயிரம்” என்றேன். அக்கா கையை மூடவில்லை. காற்றில் மேல் தாள் எழும்பி எழும்பிப் படிந்துகொண்டிருந்தது. அது பறக்காமல் நான் என் கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றேன்.